உறை பிரிக்காத வெள்ளி

அக்கா வேலை செய்யும் ஜன்னலுக்கு எதிரே ஒரு நாற்காலி கிடக்கும். கடையின் மற்ற ஜன்னல்களுக்கு எதிரே கிடையாது. நாணயம் வாங்க வருகிறவர்கள் நின்றபடியே வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். விற்க வருகிறவர்களில் சிலருக்கு உட்கார வேண்டி வரும். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடத்தில் ஒரு பெரியவர் அவள் கண்ணெதிரே சரிந்து விழுந்த பிறகு, முதலாளியிடம் சண்டை போட்டு வாங்கிய நாற்காலி அது.

அவள் என் பெரியம்மா மகள். தங்க, வெள்ளி நாணயங்களை விற்கும் கடையில், திரும்பி வரும் நாணயங்களைச் சோதிக்கிறாள். வெளியே வாங்கியதையும் கடை எடுத்துக்கொள்ளும், அக்கா சரி என்று சொன்னால். பத்தொன்பது வருடமாகச் சரி, சரியில்லை என்ற இரண்டு வார்த்தைகளில்தான் அவள் பிழைப்பு ஓடுகிறது. இரண்டாவது வார்த்தையைத்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது.

சோதனைக்கு ஒரு வரிசை வைத்திருந்தாள். முதலில் எடை. எடையை மட்டும் நம்பி யாரும் எதையும் வாங்கக் கூடாது என்பாள். செம்பை வெட்டிப் பத்து கிராம் ஆக்குவது பெரிய வித்தையா என்ன. ஆனால் செம்பு வெள்ளியைவிட லேசானது. அதே பத்து கிராம் வர வேண்டுமானால் நாணயத்தை அகலமாக்க வேண்டும், இல்லாவிட்டால் தடிமனாக்க வேண்டும். அகலம் பார்த்தவுடன் தெரிந்துவிடும் என்பதால் தடிமனில் ஒளித்து வைப்பார்கள். வெறும் கால் மில்லிமீட்டர். அதற்கென்று சின்ன இடுக்கி மாதிரி ஓர் அளவுகோல் வைத்திருந்தாள், அதைத்தான் நாள் முழுக்கக் கையில் பிடித்திருப்பாள். அதற்குப் பிறகு நாணயத்தைக் கல் பலகையில் போட்டு ஒலியைக் கேட்பது. வெள்ளி கொஞ்ச நேரம் பாடிவிட்டுத்தான் அடங்கும். அப்புறமும் சந்தேகம் இருந்தால் தண்ணீரில் தொங்கவிட்டு நிறுப்பது. காந்தத்தை அவள் மதிப்பதே இல்லை. இரும்பை வைத்து ஏமாற்றுகிற மக்குகளின் காலம் மலையேறிவிட்டது என்பாள்.

போலி என்ற வார்த்தையை அவள் ஜன்னலில் உச்சரிக்கமாட்டாள். இதை எங்களால் எடுத்துக்க முடியலைங்க என்று சொல்லிவிட்டுக் காத்திருப்பாள். வந்தவர் முதலில் மிஷினில் கோளாறு என்பார். பிறகு அவளிடம் கோளாறு என்பார். கடைசியில், தெரிஞ்ச ஆள்கிட்டதான் வாங்கினேன் என்பார். அக்காவை அசரவைக்கிற வார்த்தை அந்தத் 'தெரிஞ்ச ஆள்'. எல்லோரையும் ஏமாற்றுகிறவன் யாரோ ஒருவருக்குத் தெரிந்த ஆளாகத்தான் இருக்கிறான், தெரியாதவனிடம் யார் வாங்கப் போகிறார்கள் என்பாள்.

பல ஊர்கள் சுற்றிவிட்டு நான் வந்து தங்கியது அவள் வீட்டில்தான். மூன்றாவது மாடி, இரண்டு அறை. சாயங்காலம் படியேறி வந்ததும் செருப்பைக்கூட ஒழுங்காக விடாமல் தரையில் மல்லாந்து படுத்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பள்ளிக்கூட வேன் ஓட்டும் மாமா அவளுக்கு முன்பே வந்துவிடுவார். தேநீர் போட்டுத் தலைமாட்டில் வைப்பார். ஊரான் வீட்டுக் காசையெல்லாம் உரசிப் பார்க்கிறவள் என்னை மட்டும் பார்க்காமல் கட்டிக்கொண்டாள் என்று என்னிடம் சொல்வார். பார்த்தேன், மேல்பூச்சு என்று தெரிந்துதான் கட்டிக்கொண்டேன் என்று அவள் கண்ணைத் திறக்காமலே பதில் சொல்வாள். இது அவர்கள் தினமும் பேசுகிற பேச்சு. இருவருக்கும் சிரிப்பு வராது. சொல்லாவிட்டால்தான் ஏதோ குறையாக இருக்கும்.

படிக்கட்டில் ஆட்கள் காத்திருப்பதும் உண்டு. கடைக்கு வந்தால் கட்டணம், வரிசை, கூச்சம். வீட்டில் அதெல்லாம் இல்லை. கடைக்கு வெளியே சோதித்துச் சொல்லக் கூடாது என்பது முதலாளியின் சட்டம். ஆனால் மாடிப்படியில் துணிப்பையோடு நிற்கிற பக்கத்து வீட்டுக்காரியிடம் சட்டம் பேச முடியுமா. பில் இருக்கா, யார்கிட்ட வாங்கினீங்க, திருப்பிக் குடுத்தா எடுத்துக்குவேன்னு எழுதிக் குடுத்தாங்களா, சந்தை விலையைவிட ஏன் குறைச்சாங்க என்று சலிப்போடு கேட்பாள். பாதிப் பேர் இரண்டாவது கேள்வியிலேயே முகத்தைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போவார்கள்.

அப்படி வந்தவர்களில் ஒருத்திதான் மேஸ்திரி. இரண்டு தெரு தள்ளி இருக்கும் தையல் கூடத்தில் முப்பது மிஷின்களுக்குத் தலைவி. அறுபதை நெருங்குகிறாள். அதிர்ந்து பேசமாட்டாள், ஆனால் அவள் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினால் முப்பது மிஷினும் நின்றுவிடும் என்று சொல்வார்கள். அக்கா குடியிருக்கும் கட்டிடத்திலேயே முதல் மாடியில் குடியிருந்தாள். நான் அப்போது வந்து சேரவில்லை. நடந்ததை அக்காவே என்னிடம் பிற்பாடு சொன்னாள்.

அன்று ஜன்னலில் ஏழு பேரைத் திருப்பி அனுப்பிவிட்டு வந்திருக்கிறாள். ஒருவர் அவள் மீது தண்ணீர்க் குவளையை வீசியிருந்தார். படுத்த இடத்திலிருந்து எழுந்திருக்க மனமில்லை. மேஸ்திரி பன்னிரண்டு வெள்ளி நாணயங்களைக் கொண்டுவந்தாள். ஒவ்வொன்றும் பத்து கிராம், ஒவ்வொன்றும் கெட்டியான கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் உறையில், எண்ணும் முத்திரையும் அச்சடித்தபடி. தையல் கூடத்துக்கு மதிய இடைவேளையில் ஒருவர் வந்து விற்கிறார். எப்போதும் சிரித்த முகமாக இருப்பதால் அவருக்குச் சிரிப்புக்காரர் என்று பெயர். பார்த்துவிட்டு வைத்துக்கொள் என்று அவரே கொடுத்து அனுப்பியிருக்கிறார். இரண்டு நாள் கழித்துப் பணம் கொடுத்தால் போதும்.

உறையைப் பிரிக்காமல் தடிமனை அளக்க முடியாது, ஒலியையும் கேட்க முடியாது. ஆனால் இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் இருக்கிறது. உறை பிரிக்காத நாணயத்துக்குத்தான் முழு விலை. கத்தரித்துவிட்டால் திரும்ப விற்கும்போது எந்தக் கடையும் குறைத்துத்தான் எடுக்கும். அதனால் வாங்குகிறவர்கள் யாரும் கத்தரிக்கமாட்டார்கள். வருடக்கணக்கில் உறைக்குள்ளேயே வைத்து, பீரோவைத் திறந்து பார்த்துப் பார்த்து மூடுவார்கள்.

அக்கா எழுந்து உட்கார்ந்தாள். கையடக்கத் தராசில் ஒவ்வொன்றாக வைத்தாள். காலி உறையின் எடை அவளுக்கு மனப்பாடம். கழித்துப் பார்த்தாள், பன்னிரண்டும் பத்து கிராம். முத்திரை ஒழுங்காக இருந்தது. யாரோ கேட்டுக்கொண்டே இருந்தால் வாயில் ஒரு பதில் தானாக வந்து நிற்குமில்லையா, அப்படி, சரியாத்தான் இருக்கு மேஸ்திரிக்கா என்று சொல்லிவிட்டாள். மேஸ்திரி எழுந்து போனதும் மறுபடியும் படுத்துக்கொண்டாள். எடையை மட்டும் நம்பாதே என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவள், எடையை மட்டும் பார்த்தாள். கத்தரிக்கலாமா என்று கேட்டிருந்தால் மேஸ்திரி வேண்டாம் என்றிருப்பாள், அந்த வாதத்துக்குத் தெம்பில்லை. அவ்வளவுதான்.

எட்டு மாதம் கழித்து, நான் வந்து சில வாரங்கள் ஆகியிருந்தபோது, ஜன்னலுக்கு ஓர் இளம் பெண் வந்தாள். தையல் கூடத்தில் பட்டன் வைக்கிறவள். மூன்று நாணயங்களை நீட்டி, அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதால் விற்க வேண்டும் என்றாள். கடைக்குள் வந்த உறையைக் கத்தரிக்காமல் எடுக்கக் கூடாது என்பது சட்டம். அக்கா கத்தரித்தாள். இடுக்கியை வைத்தாள். எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடியும் வைத்தாள். கால் மில்லிமீட்டர். இரண்டாவதிலும் கால் மில்லிமீட்டர். பலகையில் போட்டாள், சத்தம் எழும்பி உடனே செத்துப் போயிற்று.

இதை எங்களால் எடுத்துக்க முடியலைம்மா என்று சொல்லி நாற்காலியைக் காட்டினாள். அந்தப் பெண் உட்காரவில்லை. மிஷினையும் குறை சொல்லவில்லை.

"எப்படிக்கா முடியாது? நீங்க பாத்து சரின்னு சொன்ன சரக்குன்னுதானே மேஸ்திரியம்மா எங்க எல்லாருக்கும் சொன்னாங்க."

பின்னால் நின்ற முதலாளி இதைக் கேட்டுவிட்டார்.

அந்தப் பெண்ணிடமிருந்து மீதி விவரத்தையும் அக்கா கேட்டு வாங்கினாள். மேஸ்திரியோடு நிற்கவில்லை. அவள் பேச்சை நம்பிப் பதினேழு பேர் வாங்கியிருந்தார்கள். வருகிற வெள்ளிக்கிழமை கூடத்தில் போனஸ் கொடுக்கிறார்கள். அன்று மதியமே சிரிப்புக்காரர் ஒரு பை நிறையக் கொண்டுவருகிறார், மீதி ஆட்களும் வாங்கப் போகிறார்கள். சிலர் தங்கமும் சொல்லி வைத்திருக்கிறார்கள். அன்று புதன்கிழமை.

முதலாளி அக்காவைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். கெட்ட மனிதர் இல்லை. அக்கா அன்று பார்த்தது நல்ல நாணயம், விற்றவன் பிறகு மாற்றிவிட்டான் என்று சொன்னால் யாரும் மறுக்க முடியாது என்றார். அப்படிச் சொன்னால் வேலை நிலைக்கும். தப்பாகப் பார்த்தேன் என்று வெளியே சொன்னால் இந்த ஜன்னலில் உட்காருகிறவள் வாய்க்கு என்ன மதிப்பு, கடைக்கு என்ன மதிப்பு, யோசித்துக்கொள் என்றார்.

மாமாவும் வீட்டில் அதையேதான் சொன்னார், வேறு மாதிரி. அவன் அயோக்கியன், அவன்மேல் ஒரு பொய்யைக் கூடுதலாகப் போட்டால் அவனுக்கு என்ன குறைந்துவிடும் என்றார். அக்கா தேநீரைக் குடிக்காமல் ஆறவைத்துக்கொண்டிருந்தாள். மாத்திட்டான்னு சொன்னா, மாத்தாத காயினை வாங்கலாம்னு வெள்ளிக்கிழமை வாங்குவாங்க என்றாள். மாமா ஆறிப்போன தேநீரை எடுத்துப்போய்ச் சூடாக்கிக் கொண்டுவந்தார்.

அன்று சாயங்காலமே முதல் மாடிக்கு இறங்கினாள். நானும் கூடப் போனேன். மேஸ்திரியின் அறையில் ஒரு கட்டில், ஒரு இரும்பு பீரோ, துணித் துண்டுகளை ஒட்டுப்போட்டுத் தைத்த திரைச்சீலை. அக்கா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். மேஸ்திரி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டாள்.

அவளுக்கு ஒரு கண்ணில் புரை. அடுத்த வருடம் வேலையை விட்டுவிட்டு, அந்தப் பன்னிரண்டையும் வைத்து அறுவை சிகிச்சை செய்துகொள்ளலாம் என்றிருந்தாள். அதை அவள் சொல்லவில்லை, எங்களுக்கு முன்பே தெரியும். ஒன்றைக் கத்தரித்துப் பார்த்துவிடலாம் என்று அக்கா கேட்டாள்.

"கத்தரிச்சா விலை போயிடும்."

"விலையே இல்லைங்கறேன் மேஸ்திரிக்கா."

"அன்னைக்கு இருந்துச்சே."

பட்டன்காரி வாங்கியது வேறு சரக்காக இருக்கும் என்றாள் மேஸ்திரி. முப்பது பேர் முகத்தில் நான் முழிக்க வேண்டாமா, கூடத்துப் பக்கம் வந்து எதையும் கிளப்பாதே, நானே விசாரித்துச் சொல்கிறேன் என்றாள். பீரோ சாவி அவள் இடுப்பில்தான் இருந்தது. எங்களை வாசல்வரை கொண்டுவந்து விட்டுக் கதவை மெதுவாகச் சாத்தினாள்.

மேலே ஏறும்போது அக்கா ஒவ்வொரு படியிலும் நின்றாள். இதையெல்லாம் ஒரு சீட்டில் எழுதிக் கூடத்து வாசலில் ஒட்டிவிட்டு ஒரு வாரம் தூங்க வேண்டும்போல் இருக்கிறது என்றாள்.

வெள்ளிக்கிழமை அரை நாள் விடுப்பு எடுத்தாள். எதற்கென்று முதலாளி கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மிஷின்கள் நின்றிருந்தன. துணி வெட்டும் நீள மேஜையில் சிரிப்புக்காரர் பையைத் திறந்து வைத்திருந்தார். நல்ல வெள்ளைச் சட்டை. ஒவ்வொருத்தியையும் அவள் பிள்ளைகளின் பெயர் சொல்லி விசாரித்துக்கொண்டிருந்தார். மேஸ்திரி மேஜையின் மறுமுனையில், கண்ணாடியைத் துடைத்தபடி.

அக்காவைப் பார்த்ததும் பெண்கள் வழிவிட்டார்கள். இவங்களே வந்துட்டாங்க, அப்புறம் என்ன என்று ஒருத்தி சொன்னாள். அதைக் கேட்டு அக்காவின் கழுத்து சிவந்தது. ஓர் உறையைக் கத்தரித்துக் காட்ட முடியுமா என்று அவரைக் கேட்டாள். அவர் சிரிப்பு மாறாமல், நீங்க தொழில் தெரிஞ்சவங்க, பிரிச்சா மதிப்பு என்ன ஆகும்னு உங்களுக்கு நான் சொல்லணுமா என்றார். பெண்கள் சிலர் தலையாட்டினார்கள்.

அக்கா தன் பையைத் திறந்தாள். பணத்தை எடுத்து மேஜையில் வைத்து, எனக்கும் ஒன்று கொடுங்கள் என்றாள். அவர் ஒரு கணம் தயங்கினார். முப்பது பேர் பார்க்கும்போது வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை, கொடுத்தார். அவள் அதை வாங்கிய மறு நிமிடமே, மேஜையில் கிடந்த துணி வெட்டும் கத்தரியால் உறையை ஓரத்தோடு நறுக்கினாள். பின்னால் யாரோ ஐயோ என்றார்கள்.

கடையில் பில் போட்டு வாங்கிய தன் சொந்த நாணயம் ஒன்றையும் கொண்டுவந்திருந்தாள். இரண்டையும் இஸ்திரி மேஜையின் கல்லில் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டாள். தைக்கிறவர்களுக்கு மிஷினின் சத்தத்தை வைத்தே ஊசி மழுங்கியதா நூல் அறப்போகிறதா என்று தெரியும். அவர்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. முன்வரிசையில் நின்ற ஒரு பெண், மறுபடி போடுங்க என்று மட்டும் கேட்டாள். அக்கா மறுபடி போட்டாள்.

"எட்டு மாசத்துக்கு முன்னாடி இந்தச் சரக்கைத்தான் நான் சரின்னு சொன்னேன். யாரும் எதையும் மாத்தலை. அன்னைக்கே இது இப்படித்தான் இருந்துச்சு. நான் பிரிக்காம, எடையை மட்டும் பாத்துட்டுச் சொல்லிட்டேன். தப்பா சொன்னேன்."

சிரிப்புக்காரர் பையை மூடிக்கொண்டே பேசினார். அன்னைக்கு சரின்னாங்க, இன்னைக்கு தப்புங்கறாங்க, நாளைக்கு என்ன சொல்லுவாங்களோ, உங்க இஷ்டம்மா என்றார். நியாயமான கேள்விதான். ஆனால் யாரும் வாங்கவில்லை. அவர் அவசரப்படாமல் நடந்து போனார். இரண்டு பேர் பின்னால் ஓடினார்கள், தெருமுனையில் காத்திருந்த வண்டியில் ஏறிவிட்டார். போலீஸில் எழுதிக் கொடுத்தார்கள். அவருடைய உண்மையான பெயர் என்ன என்று அங்கே கேட்டபோதுதான் யாருக்கும் அது தெரியாது என்பது தெரிந்தது. தெரிந்த ஆள்.

முன்பே வாங்கியிருந்த பதினேழு பேரில் சிலர் அக்காவை அங்கேயே திட்டினார்கள். பட்டன்காரி திட்டவில்லை, வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள். அது இன்னும் மோசமாக இருந்தது. மணி அடித்ததும் எல்லோரும் மிஷினுக்குப் போனார்கள். மேஸ்திரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவர்கள் பின்னால் போனாள்.

திங்கட்கிழமை முதலாளி அக்காவை ஜன்னலிலிருந்து எடுத்துவிட்டார். பின்னறையில், உதவிக்கு ஆளில்லாமல், கடை மொத்தமாக வாங்கும் சரக்கைச் சோதிக்கிற வேலை. சம்பளம் கொஞ்சம் குறைவு. வாடிக்கையாளர் முகம் கிடையாது. அக்காவுக்கு அது தண்டனையாகத் தெரியவில்லை. இனி யாரும் என்னிடம் எதையும் கொண்டுவரமாட்டார்கள் என்று படுத்தபடி மாமாவிடம் சொன்னாள். ஏறக்குறைய நிம்மதியாகவே சொன்னாள். பட்டன்காரியின் மூன்று நாணயங்களுக்குத் தன்னிடமிருந்த நல்லவை மூன்றைக் கொடுத்தனுப்பினாள். மற்றவர்களுக்குக் கொடுக்க அவளிடம் இல்லை. இதைப் பற்றி அவள் பேசமாட்டாள்.

ஒரு மாதம் போயிருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலை கதவு தட்டப்பட்டது. மேஸ்திரி. மூச்சு வாங்கியது, இரண்டு மாடி ஏறி வந்திருந்தாள். உள்ளே வந்து தரையில் உட்கார்ந்து, மடியில் இருந்த துணி முடிச்சை அவிழ்த்தாள். பதினொரு உறைகள் பிரிக்காமல் இருந்தன. பன்னிரண்டாவது கத்தரிக்கப்பட்டு, நாணயம் வெளியே கிடந்தது. அதன் முகத்தில் ஊசியால் கீறிய கோடுகள். கோடுகளின் அடியில் செம்பு சிவப்பாகத் தெரிந்தது.

"இதை எப்பக்கா பிரிச்சீங்க?" என்று அக்கா கேட்டாள்.

மேஸ்திரி கண்ணாடியைக் கழற்றினாள்.

"நீ வந்துட்டுப் போனியே, அதுக்கு மறுநாள்."

வியாழக்கிழமை. வெள்ளிக்கிழமை மதியம் அந்த மேஜையின் மறுமுனையில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நின்றபோது மேஸ்திரிக்குத் தெரியும். நீ வரலைன்னா நானே சொல்லியிருப்பேன் என்றாள் மேஸ்திரி. பிறகு கழற்றிய கண்ணாடியை மடித்துக்கொண்டே, சொல்லியிருப்பேனான்னு தெரியலை என்றாள்.

நான் தேநீர் போட எழுந்தேன். மாமா எனக்கு முன்பே அடுப்படிக்குப் போயிருந்தார்.

மீதிப் பதினொன்றையும் பார்த்துச் சொல், எல்லாமே அப்படித்தான் இருக்கும் என்று இல்லையே, ஒன்றிரண்டு நல்லதும் கலந்து கொடுத்திருப்பானோ என்னவோ என்று மேஸ்திரி கேட்டாள். அப்படி யாரும் கலக்கமாட்டார்கள் என்பது அக்காவுக்குத் தெரியும். அப்படியிருந்தும் அறைக்குள் போய் இடுக்கியை எடுத்துவந்து வெளிச்சம் விழும் இடமாகப் பார்த்து உட்கார்ந்தாள். முதல் உறையை அவள் கையில் எடுத்தபோது, இரு என்று சொல்லி மேஸ்திரி அதை வாங்கித் தானே கத்தரித்தாள்.

கால் மில்லிமீட்டர். அக்கா அதைத் தரையில் ஓரமாக வைத்துவிட்டு அடுத்ததற்குக் கை நீட்டினாள். மேஸ்திரி கத்தரித்துக் கொடுத்தாள். இரண்டாவதிலேயே இருவருக்கும் முடிவு தெரிந்துவிட்டது. ஆனாலும் ஒருத்தி கத்தரித்துக் கொடுக்க, ஒருத்தி துடைத்து, இடுக்கியில் வைத்து, எண்ணை வாய்விட்டுச் சொல்லி, பதினொன்றையும் அளந்து முடித்தார்கள்.